கறிவேப்பிலை முதல் குழம்புத்தூள் வரை: பார்த்து வாங்கி, கெடாமல் வைக்க முழுமையான வழிகாட்டி

வாங்கி மூன்றாம் நாளே கறிவேப்பிலை கறுத்துப்போகிறது. கொத்தமல்லி அடியில் கூழாகிறது. அரைத்து இரண்டு மாதம் ஆகுமுன் மல்லித்தூளில் வண்டு ஓடுகிறது. மூன்றும் வேறு வேறு பிரச்சினைபோலத் தெரிந்தாலும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஈரம் போகும் முன்போ, சூடு ஆறும் முன்போ மூடி போட்டுவிடுகிறோம். எந்த டப்பா வாங்கலாம் என்பதைவிட, எதை எப்போது மூடலாம் என்பதுதான் முக்கியம். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்தால், பச்சைப் பொருள் பத்து நாளும், உலர்ந்த முழுப் பொருள் ஒரு வருடமும் தாராளமாக நிற்கும்.

1. கடைக்குக் கிளம்பும் முன்

முதல் வேலை அளவு தெரிந்துகொள்வது. இப்போது வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, திறந்த தேதியை எழுதுங்கள். தீர்ந்ததும் நாள்களைக் கணக்கிடுங்கள். இரண்டு மாதம் இப்படிச் செய்தால் உங்கள் வீட்டின் உண்மையான செலவு தெரிந்துவிடும். மற்றவர் பட்டியல் எதுவும் இதற்கு ஈடாகாது.

அதுவரை தொடங்குவதற்கு ஒரு கணக்கு வேண்டுமென்றால், தினமும் சமைக்கும் நான்கு பேர் வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு இஞ்சி 100 கிராம், பூண்டு 150 கிராம், பச்சை மிளகாய் 100 கிராம், கொத்தமல்லி ஒரு கட்டு, புதினா அரைக்கட்டு, கறிவேப்பிலை பத்துப் பன்னிரண்டு இணுக்கு. மாதத்துக்கு சீரகம் 100 கிராம், மிளகு 50 கிராம், கடுகு 100 கிராம், சோம்பு 50 கிராம், வெந்தயம் 50 கிராம். பட்டை, கிராம்பு, ஏலக்காய் எல்லாம் 25 கிராமுக்கு மேல் வேண்டாம். பிரியாணி அடிக்கடி செய்யும் வீட்டில் மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பாட்டில்களை முதல் நாளே கழுவி, துடைத்து, வெயிலில் கவிழ்க்காமல் நிமிர்த்தி இரண்டு மணி நேரம் வைத்துவிடுங்கள். கவிழ்த்தால் உள்ளே ஆவி தங்கும். மூடியின் திருகுப் பள்ளத்திலும் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் தண்ணீர் ஒளிந்திருக்கும். வளையத்தைக் கழற்றித் துடைக்க வேண்டும். பொருள் வந்த பிறகு பாட்டில் கழுவுவதுதான் புதிதாகச் செய்பவர்கள் அதிகம் செய்யும் தவறு. அவசரத்தில் ஈரப் பாட்டிலிலேயே கொட்டிவிடுகிறார்கள்.

தேவையான மற்ற சாமான்: நான்கைந்து பழைய வெள்ளைப் பருத்தித் துணி (கிழிந்த வேட்டி போதும்), இறுக்கமாக மூடும் மூன்று தட்டையான டப்பா, ஒரு முறம், ஒரு சல்லடை, கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாட்டில்கள். பிளாஸ்டிக் வாசத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மிளகாய்த்தூள் இருந்த டப்பாவில் பிறகு ஏலக்காய் போட முடியாது. செய்தித்தாளில் சுற்றாதீர்கள். அச்சு மை இலையில் ஒட்டும். உணவைச் செய்தித்தாளில் பொதியக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது.

2. எதை எப்போது வாங்குவது

உலர்ந்த பொருளுக்கும் பச்சைப் பொருளுக்கும் ஒரே நாள் வேண்டாம். இரண்டையும் ஒரே பையில் கொண்டுவந்தால் கீரைக்கட்டில் தெளித்திருக்கும் தண்ணீர் மல்லியிலும் சீரகத்திலும் இறங்கும். ஒரே நாள்தான் முடியும் என்றால் மளிகையை முதலில் முடித்து, அதைத் தனிப்பையில் கட்டிவிட்டு, கடைசியாகக் கீரைப் பக்கம் போங்கள்.

பச்சை இலை காலையில் வாங்க வேண்டும். வெயில் ஏற ஏறக் கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார். பார்ப்பதற்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும். கட்டின் நடுவில் அவிந்துகொண்டிருக்கும்.

வருடத்துக்குச் சேர்த்து வாங்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு மாசி, பங்குனிதான் காலம். புது மல்லி, புது மிளகாய் வற்றல், ஈரோட்டுப் பக்கத்துப் புது மஞ்சள், புதுப்புளி எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக வரும். மிளகும் அப்போதுதான் புதிது. பின்னாலேயே நல்ல வெயிலும் வந்துவிடுவதால் காயவைக்கவும் வசதி. ஐப்பசியில் மொத்தமாக வாங்கினால் கடையிலேயே எட்டு மாதம் இருந்த சரக்குதான் கிடைக்கும், காயவைக்க வெயிலும் இருக்காது.

ஏலக்காய்க்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் அறுவடை ஆடி, ஆவணியில் தொடங்கி மார்கழி, தை வரை பல சுற்றாக நடக்கும். போடிநாயக்கனூர் ஏல விற்பனைக்குப் புதுச் சரக்கு வரும் ஐப்பசி, கார்த்திகையில் வாங்குவது நல்லது.

3. பச்சைப் பொருளைக் கடையில் சோதிப்பது

கொத்தமல்லிக் கட்டை மேலே பார்த்து எடுக்காதீர்கள். கட்டின் நடுவில் இரண்டு விரலை விடுங்கள். வெதுவெதுப்பாக இருந்தாலோ வழுவழுத்தாலோ அழுகல் தொடங்கிவிட்டது. வேரோடு இருப்பது ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். நுனி இலை நூல்போல மெலிந்து, வெள்ளைப் பூ மொட்டு தெரிந்தால் செடி முற்றிவிட்டது. வாசம் மாறியிருக்கும், தண்டும் நாராக இருக்கும். குட்டையாக, தண்டு மெலிந்து இருக்கும் நாட்டுக் கொத்தமல்லிக்கு வாசம் அதிகம். உயரமாக, பெரிய இலையோடு வருவது அழகுக்குத் தூவ நன்றாக இருக்கும், ரசத்துக்குப் போதாது.

புதினாவில் இலையின் ஓரம் கறுத்திருந்தால் நசுங்கியது என்று பொருள். அந்தக் கறுப்பு நாளைக்கு முழு இலைக்கும் பரவும்.

கறிவேப்பிலையை ஈர்க்கோடு, இணுக்காகவே வாங்குங்கள். காம்பு சிவந்த செங்காம்பு ரகத்துக்கு வாசம் தூக்கலாக இருக்கும். கோவை, காரமடைப் பக்கத்தில் அதிகம் விளைகிறது. ஓர் இலையை இரண்டாகக் கிள்ளி முகருங்கள். மணக்காத இலை எண்ணெயிலும் மணக்காது. இலையின் அடியில் வெள்ளைப் பூச்சுபோலவோ கறுப்புப் புள்ளியாகவோ இருந்தால் விட்டுவிடுங்கள். காய்கறிக்காரர் கொசுறாகத் தருவது பெரும்பாலும் முந்தின நாள் மிச்சம். அதை அன்றைக்கே தாளித்துத் தீர்த்துவிடுங்கள், சேமிப்பு டப்பாவில் சேர்க்க வேண்டாம்.

இஞ்சியில் நகத்தால் தோலைக் கீறுங்கள். சாறு கசிந்து மூக்கில் ஏற வேண்டும். துவையலுக்கும் ஊறுகாய்க்கும் தோல் மெல்லிய இளசு நல்லது. ஆனால் அது ஒரு வாரம் தாண்டாது. வைத்திருக்க வேண்டியது முற்றின இஞ்சி. தேய்த்துக் கழுவிப் பளபளவென்று வைத்திருப்பதைவிட மண் ஒட்டியிருப்பதே நல்லது. தேய்த்த இடங்களில்தான் பூஞ்சை முதலில் பிடிக்கிறது.

பூண்டில் தலைப்பக்கத்தை அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே பல் காய்ந்துவிட்டது, அல்லது முளைவிடப் போகிறது. தோலுக்குள் கரித்தூள்போல இருந்தால் பூஞ்சை. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்தப் பேரில் எதையெதையோ விற்கிறார்கள். ஒரு பல்லை நசுக்கிப் பார்த்தால் காட்டம் சொல்லிவிடும்.

பச்சை மிளகாயில் பார்க்க வேண்டியது காம்பு மட்டும். காம்பு பச்சையாக, விறைப்பாக இருந்தால் காய் புதிது.

4. உலர்ந்த பொருளைக் கடையில் சோதிப்பது

பொதுவிதி: முழுசாக வாங்குங்கள், தூளாக வாங்காதீர்கள். தூளில் காற்று படும் பரப்பு பல மடங்கு அதிகம், வாசம் வேகமாகப் பறந்துவிடும். கலப்படமும் முழுப் பொருளைவிடத் தூளில்தான் எளிது.

மிளகாய் வற்றல்: கையில் எடுத்துக் குலுக்கினால் விதை கலகலக்க வேண்டும். வளைத்தால் முறிய வேண்டும். தோல்போல வளைந்தால் ஈரம் இருக்கிறது. எடையைக் கூட்டுவதும் அந்த ஈரம்தான், பூஞ்சையைக் கூட்டி வருவதும் அதுதான். நான்கைந்து வற்றலைப் பிளந்து உள்ளே பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்து, உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அந்த மூட்டையே வேண்டாம். அந்தப் பூஞ்சை விடும் நஞ்சு வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. இராமநாதபுரம் குண்டு மிளகாய் காரத்துக்கும் தாளிப்புக்கும், நீட்டு மிளகாய் தூளுக்கும், காஷ்மீரி அல்லது பியாடகி நிறத்துக்கும் என்று பிரித்து வாங்கினால் குழம்பின் நிறத்துக்காகக் காரத்தை ஏற்ற வேண்டியதில்லை.

மல்லி: இளம்பச்சை கலந்த வெளிர் நிறம் புதுசு. பழுப்பேறினால் பழசு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் எலுமிச்சை கலந்ததுபோல ஒரு வாசம் வரும். மல்லியில் சிறு ஓட்டை தெரிந்தால், அல்லது மூட்டை அடியில் மாவு உதிர்ந்திருந்தால் வண்டு உள்ளே இருக்கிறது.

மஞ்சள்: சமையலுக்கு விரலி. உடைத்தால் டக்கென்று ஓசையோடு முறிந்து, உள்ளே ஆரஞ்சு சாய்ந்த நிறம் தெரிய வேண்டும். எலுமிச்சை மஞ்சளாகப் பளிச்சென்று கையில் ஒட்டும் மேற்பூச்சு இருந்தால் வாங்காதீர்கள். நிறத்துக்காக ஈய நிறமி பூசும் கலப்படம் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது, அது குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தூளாகத்தான் வாங்க வேண்டியிருந்தால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி போட்டு ஆடாமல் வையுங்கள். நல்ல தூள் அடியில் தங்கி, மேல் தண்ணீர் வெளிர் மஞ்சளாக நிற்கும். சாயம் சேர்ந்தது தண்ணீரை அடர் மஞ்சளாக்கிவிடும்.

மிளகு: தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். பப்பாளி விதை மிதக்கும். ஆனால் மிதப்பதெல்லாம் பப்பாளி விதை அல்ல; சத்தில்லாத பொக்கு மிளகும் மிதக்கும். எதுவானாலும் வாங்க வேண்டியதில்லை.

சீரகம், சோம்பு: சீரகத்தை உள்ளங்கையில் தேய்த்தால் கரி ஒட்டக் கூடாது. சோம்பை ஈர வெள்ளைத் துணியில் தேய்த்தால் பச்சை இறங்கக் கூடாது.

கடுகு: தோல் வழவழப்பாக, நசுக்கினால் உள்ளே மஞ்சளாக இருக்க வேண்டும். சொரசொரப்பாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் அது பிரம்மதண்டு விதை, நஞ்சு.

கிராம்பு: தலைமொட்டு உதிராமல் இருக்க வேண்டும். காம்பை நகத்தால் அழுத்தினால் எண்ணெய் கசியும். எண்ணெய் எடுத்த சக்கைக் கிராம்பு தண்ணீரில் படுத்து மிதக்கும். நல்லது மூழ்கும் அல்லது செங்குத்தாக நிற்கும்.

பட்டை: கடையில் பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் வருவது தடித்த, ஒரே அடுக்கான கேசியா. இலங்கையில் கறுவா என்று சொல்லும் சுருள்பட்டை மெல்லிய பல அடுக்காகச் சுருண்டிருக்கும், விரலிலேயே நொறுங்கும். குருமாவுக்குத் தடிப்பட்டை தாங்கும். பாயசத்துக்கும் தேநீருக்கும் சுருள்பட்டைதான்.

ஏலக்காய்: ஒன்றைப் பிரியுங்கள். விதை கறுப்பாக, ஒட்டும் பசையோடு இருந்தால் புதிது. காய்ந்து சாம்பல் நிறமாக உதிர்ந்தால் வாசம் போய்விட்டது, தோல் எவ்வளவு பச்சையாக இருந்தாலும்.

பெருங்காயம்: கடையில் இருப்பது பெரும்பாலும் கூட்டுப்பெருங்காயம், கோதுமை மாவும் பிசினும் சேர்ந்தது. அது கலப்படம் அல்ல, சட்டப்படி அனுமதிக்கப்பட்டதே. ஆனால் கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளைப் படித்து அரிசி மாவில் செய்ததை வாங்க வேண்டும்.

5. வீட்டுக்கு வந்த முதல் ஒரு மணி நேரம்

பையை அப்படியே ஃப்ரிட்ஜில் வைப்பதுதான் பாதி இழப்புக்குக் காரணம். வந்தவுடன் கட்டுகளை அவிழ்த்து, நூல், வாழைநார், ரப்பர் பேண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கட்டிய இடத்தில்தான் தண்டு நசுங்கி அழுகல் தொடங்கும்.

பழுத்த இலை, நசுங்கிய தண்டு, வழுவழுத்தது எல்லாம் பொறுக்குங்கள். ஓர் அழுகின இலை விட்டாலும் நான்கு நாளில் டப்பா முழுக்கப் பரவும்.

பிறகு வெள்ளைத் துணியில் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் அரை மணி நேரம். தெளித்த தண்ணீர் போனால் போதும். இலை துவளக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பக்குவம்தான் கைப்பழக்கம். இலையைப் புறங்கையில் தொட்டால் குளிர்ச்சி தெரியலாம், ஈரம் ஒட்டக் கூடாது.

இப்போது கழுவலாமா? பொதுவாக வேண்டாம். சமைக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்துக் கழுவுங்கள். கழுவி வைத்தால் இலையின் மடிப்பிலும் கணுவிலும் தங்கும் தண்ணீரை மின்விசிறியால் முழுதாக எடுக்க முடியாது.

கறிவேப்பிலை மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பூச்சிமருந்து அதிகம் அடிப்பதால் பலர் வந்தவுடனே கழுவிவிட விரும்புகிறார்கள். அப்படியானால் நெல்லிக்காய் அளவு புளியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, அதில் 15 நிமிடம் ஊறவைத்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். உதறி, துணியில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, இரண்டு மூன்று மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். அடைமழைக் காலத்தில் இதைச் செய்ய வேண்டாம். காற்றிலேயே ஈரம் இருக்கும்போது இலை உலராது. அந்த நாள்களில் கழுவாமல் வைத்து, எடுக்கும்போது கழுவுங்கள்.

6. பச்சைப் பொருளை எடுத்து வைப்பது

கொத்தமல்லி: வேரில் மண் இருந்தால் வேரை நறுக்கிவிட்டு, தண்டோடு துணியில் தளர்வாகச் சுருட்டி, டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை திறந்து துணி ஈரமாக இருந்தால் மாற்ற வேண்டும். இலை மூச்சு விடும்போது வெளியேறும் நீராவி துணியில் ஏறும். துணி அதை வாங்கிக்கொள்ளாவிட்டால் அது திரும்ப இலையில் சொட்டும். துணியின் வேலையே அதுதான். துணியை மாற்றாதவர்களுக்கு ஐந்து நாள், மாற்றுபவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள். ஃப்ரிட்ஜில் உயரம் இருந்தால் டம்ளரில் இரண்டு விரல்கடை தண்ணீர் ஊற்றி, தண்டை மட்டும் நனையவிட்டு, மேலே ஒரு கவரைத் தளர்வாகப் போர்த்தியும் வைக்கலாம். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இலை தண்ணீரில் பட்டால் அழுகும்.

புதினா: இலையைக் கிள்ளி வைக்க வேண்டாம், கிள்ளிய காயத்தில் கறுப்பு ஏறும். தண்டோடு கொத்தமல்லி மாதிரியே. மிஞ்சும் தண்டில் நாலைந்தை டம்ளர் தண்ணீரில் போட்டுவைத்தால் பத்து நாளுக்குள் வேர் விடும், தொட்டியில் ஊன்றிவிடலாம்.

கறிவேப்பிலை: இலையை உருவாமல் ஈர்க்கோடு, டப்பாவின் அடியில் ஒரு துணி, மேலே ஒரு துணி என்று வைத்து மூடுங்கள். இரண்டு மூன்று வாரம் நிற்கும். ஃப்ரிட்ஜின் பின்சுவரில் டப்பா ஒட்டக் கூடாது. அந்தச் சுவரின் குளிர் பட்ட பக்கம் இலை கறுத்துவிடும். மேலும் நாள் வேண்டுமென்றால் உலர்ந்த இலையை உருவி ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் உருகவிடாமல் நேரே எண்ணெயில் போட வேண்டும். எண்ணெய் தெறிக்கும், தட்டால் மூடிக்கொள்ளுங்கள். வாசம் கொஞ்சம் குறைந்தாலும் நிறம் நிற்கும். வெயிலில் காயவைத்த இலை நிறமும் போய், வாசமும் போய்ச் சருகாகிவிடும். பொடிக்கு வேண்டுமானால் நிழலில் நாலைந்து நாள் உலர்த்துங்கள்.

பச்சை மிளகாய்: காம்பைக் கிள்ளிவிடுங்கள். அழுகல் காம்பின் மூட்டில்தான் தொடங்குகிறது. கிள்ளும்போது காய் பிளக்கக் கூடாது. ஈரம் துடைத்து, துணி போட்ட டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம்.

இஞ்சி: இரண்டு மணி நேரம் காற்றில் வைத்து மண் உலர்ந்ததும் துடைத்து, துணியில் சுற்றிக் காய்கறித் தட்டில். வெட்டிய முனையை ஒரு மணி நேரம் காயவிட்டுப் பிறகு வையுங்கள். மூன்று வாரம் தாண்டும் என்று தெரிந்தால் தோல் சீவி ஃப்ரீசரில் போட்டு, அப்படியே துருவிக்கொள்ளலாம்.

பூண்டு, சின்ன வெங்காயம்: முழுப் பூண்டுக்கு ஃப்ரிட்ஜ் வேண்டாம். குளிரில் இருந்து வெளியே வந்ததும் முளைக்கத் தொடங்கும். வலைப்பையில், காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். உருளைக்கிழங்கோடு ஒரே கூடையில் போடாதீர்கள்.

உரித்த பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டுச் சமையல் மேடையில் வைக்கும் பழக்கம் ஆபத்தானது. எண்ணெய்க்கு அடியில் காற்று இல்லை, புளிப்பும் இல்லை. பாட்டுலிசம் என்ற, நரம்பைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமிக்கு இதைவிட வசதியான இடம் கிடையாது. கெட்டது வாசத்தில் தெரியாமலும் போகலாம். எண்ணெயில் போட்டால் கட்டாயம் ஃப்ரிட்ஜில், அதுவும் மூன்று நாளுக்குள். இஞ்சி பூண்டு விழுதும் ஒரு வாரத்துக்கு மட்டும் ஃப்ரிட்ஜில். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டிகளாகக் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கட்டி, ஒரு குழம்புக்குச் சரியாக இருக்கும்.

எந்தப் பச்சை இலையும் வாழைப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளி பக்கத்தில் இருக்கக் கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு இலையை மஞ்சளாக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீடென்றால் டம்ளர் முறைதான், இரண்டு நாளுக்கு மேல் வாங்க வேண்டாம்.

7. உலர்ந்த பொருளைப் பக்குவப்படுத்துவது

முறத்தில் புடைத்து, கல், குச்சி, பொக்கு எடுத்த பிறகே வெயில். மிளகாய் வற்றலுக்கு நல்ல வெயிலில் இரண்டு நாள். மல்லிக்கு ஒரு நாள். சீரகம், சோம்பு, வெந்தயத்துக்கு இளவெயிலில் இரண்டு மணி நேரம் போதும். ஏலக்காய், கிராம்பு, பட்டை வெயிலுக்கு வரவே கூடாது. அவற்றின் வாசமே ஆவியாகும் எண்ணெய்தான். மிளகாயையும் நான்கைந்து நாள் போட்டுவைக்காதீர்கள், சிவப்பு வெளுத்துவிடும்.

சாயங்காலம் 4 மணிக்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும். பனி இறங்கிவிட்டால் பகலில் போன ஈரம் திரும்ப ஏறும். எடுத்ததும் சூட்டோடு பாட்டிலில் கொட்டக் கூடாது. பரப்பி, கைக்குச் சூடு தெரியாதவரை ஆறவிட்டு, பிறகு மூடுங்கள்.

வண்டுக்கு நம்பகமான வழி ஃப்ரீசர். காய்ந்து ஆறிய மல்லியையோ வற்றலையோ இறுக்கமாகக் கட்டிய கவரில் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாத முட்டைகளும் அழியும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காதீர்கள். பொருள் அறைச் சூட்டுக்கு வரும்வரை, ஓர் இரவு அப்படியே இருக்கட்டும். குளிராக இருக்கும்போது திறந்தால் காற்றின் ஈரம் அதன்மேல் வியர்க்கும். அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

வேப்பிலை, பெருங்காயக் கட்டி போடுவது வழக்கம். போடலாம். ஆனால் ஈரமான பொருளை அவை காப்பாற்றாது. மிளகாய்த்தூளில் கல் உப்பு சேர்ப்பதும் அப்படித்தான்: மழைக்காலத்தில் உப்பே ஈரத்தை இழுத்துத் தூளைக் கட்டியாக்கும். புளிக்கு மட்டும் உப்பு சரி. கொட்டை, நார் எடுத்து ஒரு நாள் காயவைத்த புளியை, அடுக்குக்கு ஒரு கை கல் உப்பாகப் பீங்கான் ஜாடியில் அழுத்தி வையுங்கள், அலுமினியத்தில் வேண்டாம்.

8. அரைப்பது: மில்லில் நடக்கும் தவறுகள்

குழம்புத்தூளுக்கு ஒரு நடுத்தர அளவு: மல்லி 500 கிராம், மிளகாய் வற்றல் 250 கிராம், சீரகம் 50 கிராம், மிளகு 25 கிராம், வெந்தயம் 15 கிராம், விரலி மஞ்சள் 25 கிராம், துவரம்பருப்பு 50 கிராம். நான்கு பேர் வீட்டுக்கு ஏறக்குறைய மூன்று மாதம் வரும். அதற்கு மேல் ஒரே தடவையில் அரைக்க வேண்டாம். பருப்பு சேர்த்த தூளுக்கு வண்டு சீக்கிரம் வரும் என்பதால், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம் வைக்க நினைப்பவர்கள் பருப்பை விட்டுவிட்டு, குழம்பில் அரைத்து ஊற்றிக்கொள்ளலாம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக, எண்ணெய் இல்லாமல், சிறு தீயில் வறுங்கள். ஒன்றாகப் போட்டால் மல்லி சிவக்குமுன் வெந்தயம் கருகிக் கசக்கும். எண்ணெய் விட்டு வறுத்த மிளகாய் இருமல் வரவிடாது, உண்மைதான்; ஆனால் அந்த எண்ணெய் இரண்டு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும். வெயிலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த வற்றலுக்கு இரண்டு நிமிடச் சூடே போதும். மஞ்சளை வறுக்க வேண்டாம், உரலில் இடித்துத் துண்டாக்கி அனுப்புங்கள்.

மில்லுக்குப் போகும் முன் எல்லாம் முழுதாக ஆறியிருக்க வேண்டும். உங்களுக்கு முன் என்ன அரைத்தார்கள் என்று கேளுங்கள். அரிசி, கேழ்வரகுக்குப் பின்னால் அரைத்தால் அந்த மாவு உங்கள் தூளில் சேரும். மாவு வண்டுக்குத் தீனி. மிளகாயோ மல்லியோ அரைத்த பிறகு உங்கள் முறை வந்தால் நல்லது. ஒரு கைப்பிடி மல்லியைத் தனியாகக் கொண்டுபோய் முதலில் அதைப் போட்டு ஓட்டச் சொல்லலாம்.

அரைத்து வரும் தூள் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தூக்குவாளியில் வாங்கி, சிந்திவிடும் என்று இறுக்கி மூடிக்கொண்டு வீட்டுக்கு வருகிறார்கள். உள்ளே ஆவி மூடியில் வியர்த்துத் தூளில் சொட்டுகிறது. பத்து நாளில் கட்டி, இரண்டு மாதத்தில் வண்டு. வாய் அகன்ற பாத்திரம் கொண்டுபோய், மூடிக்குப் பதில் துணியைக் கட்டிக் கொண்டுவாருங்கள். வந்ததும் பெரிய தட்டில் விரலளவு கனத்துக்குப் பரப்பி, மின்விசிறி இல்லாமல், இரண்டு மணி நேரம் ஆறவிடுங்கள். கையை உள்ளே விட்டால் அடித்தூளும் குளிர்ந்திருக்க வேண்டும். சலித்து, கட்டி உடைத்து, பாட்டிலின் கழுத்துவரை அழுத்தி நிரப்புங்கள். காலி இடம் குறைந்தால் காற்றும் குறையும்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் முப்பது விநாடிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். ஜாரின் சூடே வாசத்தைக் கிளப்பி வெளியேற்றிவிடும். கரம் மசாலா போன்றவற்றை 50 கிராமுக்கு மேல் அரைக்க வேண்டாம்.

9. அடுப்படியில் வைக்கும் இடமும் எடுக்கும் விதமும்

அஞ்சறைப் பெட்டியில் எவ்வளவு நிரப்புவது என்பதில் கவனம் வேண்டும். அது சேமிப்புப் பெட்டி அல்ல, கைக்கெட்டும் பெட்டி. கிண்ணங்களுக்குத் தனி மூடி கிடையாது. சோம்பு வாசம் சீரகத்தில் ஏறும், அடுப்புச் சூடும் படும். ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். தீர்ந்ததும் மிச்சத்தின் மேல் புதிதைக் கொட்டாமல், கிண்ணத்தைத் துடைத்துவிட்டு நிரப்புங்கள். பெருங்காயத்தை அதில் வைக்கவே வேண்டாம், அதற்கு இரட்டை டப்பா.

பெரிய பாட்டில்கள் அடுப்புக்கு மேல் அலமாரியில் இருந்தால் இன்றே இடம் மாற்றுங்கள். அந்த இடத்துக்குத்தான் சூடும் ஆவியும் நேராகப் போகின்றன. வெளிச்சம் படாத கீழ்த்தட்டு நல்லது. மிளகாய்த்தூளைக் கண்ணாடியில் வைத்து ஜன்னல் பக்கம் வைத்தால் மூன்று மாதத்தில் செங்கல் நிறமாகிவிடும்.

கொதிக்கும் குழம்பின் மேல் பாட்டிலைச் சாய்த்துத் தட்டாதீர்கள். ஆவி நேராக உள்ளே போகும். காய்ந்த கரண்டியால் எடுத்து, பாட்டிலை மூடிவிட்டு, பிறகு குழம்பில் போடுங்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் தூள் கட்டிப்படும் புகாரில் பெரும்பகுதி இதோடு தீரும்.

10. எப்போது தூக்கிப் போடுவது

முழுப் பொருள் ஒரு வருடம், பட்டை, கிராம்பு, மிளகு அதற்கு மேலும் நிற்கும். தூள் மூன்று மாதம், ஃப்ரிட்ஜில் ஆறு மாதம். ஆனால் தேதியைவிட உள்ளங்கைச் சோதனை மேல்: ஒரு சிட்டிகையைத் தேய்த்து முகருங்கள். வாசம் மங்கலாக இருந்தால் கெடுதல் இல்லை, அளவைக் கூட்டித் தீர்த்துவிடலாம். ஊசல் வாடையோ மக்கல் வாடையோ வந்தால் வேண்டாம்.

பூஞ்சை கண்ட வற்றல், இஞ்சி, தூள் எதையும் கழுவியோ வெயிலில் போட்டோ காப்பாற்ற முயலாதீர்கள். நூலாம்படை போலத் திரி கட்டியிருந்தால் அந்தப் பாட்டில் முழுதும் குப்பைக்கு. பக்கத்துப் பாட்டில்களையும் அன்றே திறந்து பாருங்கள், வண்டு மூடியின் திருகு வழியாக நுழையும். அலமாரித் தட்டின் மூலை இடுக்குகளைத் துடைத்து, காலிப் பாட்டிலை வெந்நீரில் கழுவி, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்ட பிறகுதான் அடுத்த சரக்கு.